அக்கா வீட்டு லைன்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்கப் போனால், வேகம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. "சிங்கப்பூர்லேருந்து பையன் பேசுனா விட்டு விட்டு வராம கேக்குமா?" என்றுதான் கேட்பார்கள். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில் பிரியும் கிராமங்களில் பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். முதலில் கேபிள் டிவி, இப்போது ஃபைபர். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் துபாயில் ஒன்று, மலேசியாவில் ஒன்று, சென்னையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லோரும் ஒரே வீடியோ காலில் சேர்ந்துவிட வேண்டும். திரையில் நாலு கட்டம், ஐந்து கட்டம் என்று எல்லார் முகமும் வரவேண்டும். "முகம் நின்னு நின்னு வந்தாலும் பரவால்ல தம்பி, குரல் கேட்டாப் போதும்." இதை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அதனால் யார் வீட்டில் ரவுட்டர் வைத்தாலும் கடைசியாக ஒரு வேலை செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். குரலுக்கு முன்னுரிமை கொடுக்க அதில் ஒரு வழி இருக்கிறது, அதைப் போட்டுவிடுவேன். லைன் திணறினால் படம் முதலில் நிற்கும், பேச்சு நிற்காது. இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஊரில் இன்னும் சிலர் "அந்த ஊமைப் பொண்ணு வீடு" என்று வழி சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தர் வீட்டு இணைப்பை இரண்டு நாள் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். தப்புதான். திரும்பச் சொன்னால் திரும்பப் பிடுங்குவேன்.

அவளை அதற்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். வீட்டுக்குள் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட கை ஜாடைதான் எங்கள் பேச்சு. அதில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. நாக்கை நீட்டிக் கையால் விசிறினால் அது நான், மிளகாயைக் கடித்தவன். என் கோபத்துக்கு அவள் வைத்த பெயர் அது. கன்னத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தினால் அவள் மகள். சிரித்தால் அவளுக்கு அங்கே குழி விழும்.

மச்சான் இறந்துபோன பிறகு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அந்த ஒரு பெண்ணை இன்ஜினியரிங் வரைக்கும் படிக்கவைத்தாள் அக்கா. எங்கள் ஜாடையில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி அந்தப் பெண்தான். வாய் பேசுவதற்கு முன்னாலேயே அதற்குக் கை பேசியது. பாலுக்கு அழாமல் விரலை மடக்கி நீட்டிக் கேட்ட பிள்ளை. கல்யாணமாகிக் கனடாவுக்குப் போய் நாலு வருடம் ஆகப்போகிறது.

அவள் கனடா போன மாதமே அக்கா வீட்டுக்கு லைன் இழுத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் சென்னையிலிருந்து வீடியோ காலுக்கென்று ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு கட்டம் திறக்கும். ஒன்றில் கனடாவிலிருந்து மகளும் மாப்பிள்ளையும். ஒன்றில் சென்னை அண்ணன் குடும்பம், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் மாப்பிள்ளையின் அம்மா, மயிலாடுதுறை சம்பந்தியம்மா. கடைசிக் கட்டத்தில் அக்காவும் பக்கத்தில் நானும். மற்றவர்கள் பேசுவதை நான் அக்காவுக்கு ஜாடையில் சொல்வேன், அக்கா காட்டுவதை வாயால் திருப்பிச் சொல்வேன்.

பலபேர் சேர்கிற இந்தக் காலில் ஒரு வழக்கம் உண்டு. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் முகம்தான் பெரிதாக வரும். சம்பந்தியம்மா வாயை மூடினால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், அப்போதும் அவர்தான் பெரிதாக வருவார். நல்ல மனுஷி, ஆனால் மூச்சு விடாமல் பேசுவார். அக்கா கையை எவ்வளவு வீசினாலும் மூலையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிவாள். நான் சொல்கிற லட்சணமும் பெரிதாக ஒன்றுமில்லை. சம்பந்தியம்மா பத்து நிமிஷம் பேசியதை நான் ஒரு தலையாட்டலில் முடித்துவிடுவேன். "நல்லா இருக்காளாம்." அவ்வளவுதான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னும் ஏதாவது வருமா என்று.

மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. அக்கா போய்ச் சேர விசா கிடைக்கவில்லை. சரி, அங்கேயே நாலு தோழிகளை வைத்து வளைகாப்பு நடத்திவிடலாம், நாம் எல்லோரும் திரையில் சேர்ந்துகொள்ளலாம் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து அக்கா காலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிறு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அடுத்த ஞாயிறு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு காரணம்கூடச் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை அக்கா மகள் எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா ஏன் வரல?"

"நடவு நேரம்ல, அதான்மா."

"பொய் சொல்லாதீங்க மாமா. நேத்து நான் தனியாக் கூப்புட்டேன். எடுத்தாங்க, ஒரு நிமிஷம் பாத்தாங்க, வச்சிட்டாங்க. அம்மாகிட்ட நான் நேராப் பேசி எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? எல்லாம் உங்க வழியாத்தான் போவுது. நான் அழுதா அம்மாகிட்ட என்னன்னு சொல்றீங்க?"

என்ன சொல்வேன்? அவள் அழுதபோதெல்லாம் சளி பிடித்திருக்கிறது என்றுதான் அக்காவிடம் காட்டியிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு மாமா. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா அம்மாகிட்ட கேக்க வேண்டியது, சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கு. அத உங்ககிட்ட எப்புடிச் சொல்லுவேன்? வர்ற ஞாயித்துக்கிழம அம்மா வரலன்னா எனக்கு வளைகாப்பே வேணாம்னு சொல்லிடப் போறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள்மேல் இல்லை, அக்காமேல். ஒற்றைப் பெண், முதல் பிள்ளை, இங்கே என்ன பிடிவாதம் வேண்டியிருக்கிறது? வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கோபம் வந்தால் எனக்குக் கையோடு வாயும் சேர்ந்து கத்தும். தெருவுக்கே என் குரல் கேட்கும். அவள் எனக்குக் கொடுக்கும் பதிலடி மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் அந்தத் தெருவில் எனக்குத்தான் எப்போதும் கெட்ட பெயர்.

"ஏன் வர மாட்டேங்குற? அவ அழுவுறா!" என்று கத்திக்கொண்டே காட்டினேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். கன்னத்தில் விரலை அழுத்தினாள். மகள். பிறகு இரண்டு கையையும் பேசப்போகிறவள்போல உயர்த்தினாள். அப்படியே நின்றாள்.

வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, விரல்கள் அந்தரத்தில். நான் காத்திருந்தேன். அவள் அசையவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்போதும் அசையவில்லை. என்ன ஏது என்று நான் பதறிக் கையை நீட்டியபோது, சட்டென்று இரண்டு கையையும் கீழே இறக்கி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, உயர்த்திய கைக்கும் இறக்கிய கைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டிக் கேட்டாள்: இங்கே என்ன சொன்னாள்?

எனக்குப் புரிந்துவிட்டது. படம் நிற்கிறது. நாங்களெல்லாம் குரலைக் கேட்டுக்கொண்டு படம் நின்றதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் நின்றுபோனபோது மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மணிக்கட்டில் பிளாஸ்திரி, ஊசி குத்திய இடம். அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? மகள் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் என்று சொன்னேன். உண்மையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கா பயப்படுவாளே என்று நான் மறைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். அசையாத படம் என்றால் எனக்கு இதுவே போதும், இதற்கு உன் லைன் எதற்கு, என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதுகு மட்டும் எனக்கு. எங்கள் பேச்சில் முதுகைக் காட்டினால் கதவைச் சாத்தினதாக அர்த்தம்.

ரவுட்டர் முன்னால் போய் நின்றேன். போனில் அதன் அமைப்பைத் திறந்து பார்த்தேன். குரலுக்கு முன்னுரிமை. நான் போட்டதுதான். யாரும் கேட்காமலே, கை தானாகப் போட்டது. லைன் திணறினால் படத்தை விடு, பேச்சைக் காப்பாற்று என்று, காது கேட்காத என் அக்காவின் வீட்டில் நானே எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐம்பது வருடம் அவளோடு கையால் பேசி வளர்ந்த தம்பி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அதோடு முடியவில்லை. லைன் ஏன் திணறுகிறது என்று பார்க்க வெளியே போனேன். மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருடா வருடம் எங்கள் பக்கத்து வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். ஜேசிபி வந்தால் கரையோரம் போகிற ஃபைபரில் எங்காவது அறுபடும். நான் அதை ஒட்டுப் போடுவேன். ஃபைபருக்குள் போவது வெளிச்சம்தான், ஒவ்வொரு ஒட்டிலும் அது கொஞ்சம் குறையும். அக்கா வீட்டுக்குப் புது ஃபைபர் போடாமல், பல வீடுகளுக்குப் போட்டது போக மிஞ்சிய துண்டுகளை ஒட்டித்தான் இழுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன், ஏழு ஒட்டு. காசு கட்டுகிறவர்களுக்கு நல்ல லைன், நம்ம அக்காதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், ஏழு ஒட்டும் அதற்குச் சாட்சி.

வியாழக்கிழமை காலை புது ஃபைபர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வாசலில் இறக்கினேன். மன்னிப்பு என்பதற்கு எங்கள் ஜாடையில் தனியாக ஒன்றும் கிடையாது. காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

மெயின் பெட்டியிலிருந்து அவள் வீடு வரை வாய்க்கால் கரையோடு முக்கால் கிலோமீட்டர். அவள் டிரம்மைச் சுழற்றி விட, நான் இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்துக்குக் கம்பம் கட்டினேன். பக்கத்து வயலில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே, அக்கா வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"நீ குனிஞ்சு நடு தாயி, வரிசை கோணலாப் போவுது பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தூரத்திலிருந்து என்ன சிரிப்பு என்று கேட்டாள், சொன்னேன், அவளும் சிரித்தாள். வேறு ஆளோடு வேலை செய்தால் இந்தத் தூரத்துக்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லை போன் போட வேண்டும். கொஞ்சம் விடு, நிறுத்து, சிக்கிக்கொண்டது, முள் பார்த்து, தண்ணீர் குடித்தாயா. எல்லாவற்றையும் அவ்வளவு தூரத்திலிருந்து கத்தாமலே பேசினோம். சின்ன வயதுக்குப் பிறகு அவளோடு அத்தனை நேரம் நான் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒரே இழுப்பு, நடுவில் ஒரு ஒட்டுக்கூட இல்லை. ரவுட்டரில் குரலை எடுத்துவிட்டுப் படத்துக்கு முன்னுரிமை போட்டேன். அதைப் போடுவதற்குள் இரண்டு தடவை பழைய இடத்துக்கே விரல் போனது. பிறகு டேப்பை அதன் பழைய இடத்தில், அக்கா முகத்துக்கு நேராக வைத்தேன். அவள் அதை எடுத்து நாலடி தள்ளி வைத்தாள். திரையில் பார்த்தால் அப்போதுதான் கை முழுசாகத் தெரிகிறது. நான் வைத்த லட்சணத்தில் முகம் மட்டும் அழகாகத் தெரியும், கழுத்துக்குக் கீழே வெட்டுப்பட்டுப் போகும். அவள் இன்னும் முடிக்கவில்லை. பின்னால் இருந்த ஜன்னலைச் சாத்தினாள். பூப்போட்ட புடவையில் விரல் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை ஒரே நிறப் புடவை கட்டிக்கொள்கிறேன் என்றாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்றாள்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மா வருவாள் என்றேன். திரையில் அம்மாவின் கட்டத்தை அழுத்திப் பெரிதாக நிறுத்தி வைப்பது எப்படி, மற்றவர்கள் சத்தத்தை மொத்தமாக அடைப்பது எப்படி, அவர்களைக் காலிலிருந்தே விலக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் எந்த ஊர்க் கணக்கில் என்று சம்பந்தியம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒரு சண்டை நடந்தது. "நாலரை ஆறு நமக்குங்க, அவங்களுக்கு அப்ப காலை ஏழு மணி" என்று அண்ணன் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆறரைக்குத் தொடங்கினோம், அங்கே காலை ஒன்பது மணி. இங்கே அக்கா புளிசோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று எல்லாம் ஆக்கி, மகள் முன்னால் வைக்கிற மாதிரி டேப்புக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தாள். அங்கே முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். தோழிகள் ஒவ்வொருத்தியாக வந்து அடுக்கினார்கள். படம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. நான் திரையைப் பார்க்கவே இல்லை, அக்கா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை இமைக்காமல் மகளின் கையோடு கையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆட்டும்மா, வளையல் சத்தம் உள்ள இருக்குற புள்ளைக்குக் கேக்கணும்" என்று சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சிரித்துக்கொண்டே எதையோ அழுத்தினாள். எல்லாருடைய சத்தமும் நின்றது. அண்ணன் வீட்டு டிவி நின்றது. சம்பந்தியம்மா வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் அடைபட்டதை நான் ஜாடையில் காட்ட, அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பிறகு மகள் வளையல் அடுக்கிய இரண்டு கையையும் உயர்த்தி ஆரம்பித்தாள். நான் பழக்கத்தில் அக்கா பக்கம் திரும்பி, அவள் என்ன சொல்கிறாள் என்றால், என்று கையைத் தூக்கிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். திரையிலிருந்து மகளும் என்னைப் பார்த்தாள். அக்கா வாசலைக் காட்டினாள். போ, வெளியே போ.

போனேன். கதவைச் சாத்திவிட்டுப் லைன் வருகிற கம்பத்தடியில் போய் உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் கேக்கல, படமும் போயிடுச்சு. அம்மாவும் பொண்ணும் இன்னும் பேசிக்கிட்டா இருக்காங்க? என்னதான் பேசிக்கிறாங்க?"

"தெரியலைங்க."

"என்ன தம்பி, நீங்கதானே எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுவீங்க?"

"இன்னிக்கு நான் வேணாம்னு வெளிய அனுப்பிட்டாங்க" என்றேன். சம்பந்தியம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் ஞாபகத்தில் முதல் தடவையாக அவர் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "பேசட்டும் தம்பி, நல்லாப் பேசட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. ஆனால் முகம் தெளிந்திருந்தது. இலை போட்டு எனக்குச் சோறு வைத்தாள். என்ன பேசினீர்கள், அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்டேன். அக்கா இன்னொரு கரண்டி புளிசோற்றை வைத்து, சாப்பிடு என்று காட்டினாள்.

இப்போது பேத்தி பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. அவர்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று வருடம் அந்த இரண்டு பேரின் பேச்சையும் தூக்கிச் சுமந்தவன் நான். நான் இழுத்த லைன்களிலேயே, உள்ளே என்ன போகிறது என்று எனக்குத் தெரியாமல் போனதற்காக நான் சந்தோஷப்படுவது அக்கா வீட்டு லைன் ஒன்றுக்குத்தான்.